துவக்குக் கடைக்கு வந்த மனிசி

அத்தியாயம் 6

உலைக்கு அரிசி போடாமலே அடுப்பைவிட்டு எழும்பி வந்துவிட்டோம் என்று குணலட்சுமிக்கு ஞாபகம் வந்தபோது, கார் அரியாலையைத் தாண்டி யாழ்ப்பாண நகரத்துக்குள் நுழைந்துவிட்டது. திருப்பச் சொல்லவும் வாய் வரவில்லை. போவது கலியாண வீட்டுக்கல்ல, துவக்குக் கடைக்கு.

பிறந்த நாள் தொட்டு அவள் அந்தக் கடைப் பக்கம் எட்டியும் பார்த்ததில்லை. ஆனால் பொலீஸ் வேறு கதை சொன்னது. போன வெள்ளிக்கிழமை அவள் அங்கே போய்த் தோட்டா வாங்கினாளாம். ஞாயிறு பின்னேரம் பக்கத்து வளவு வல்லிபுரத்தார் தண்ணி அள்ளப் போன இடத்தில், கிணற்றடியில், அந்தத் தோட்டாவால்தான் செத்தாராம். சுட்ட துவக்கு அவளுடைய வீட்டு அலுமாரிக்குள், கணவனின் பழைய சாரத்தால் சுற்றியபடி இருந்தது. லைசன்ஸ் கணவனின் பெயரில். கணவன் சவூதியில், கட்டட வேலையில். வல்லிபுரத்தாரோடு அவளுக்கு எல்லை வேலிச் சண்டை இருந்தது ஊரறிந்த விஷயம். அன்று காலையில்கூட, "உம்மைக் கொண்டுபோய் எரிக்கிற நாள்தான் எனக்குத் தீவாளி" என்று வேலிக்கு மேலால் கத்தியிருந்தாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். அது இப்படித் தன் கழுத்தையே சுற்றும் என்று அவள் கண்டாளா?

இன்றைக்குக் கடைக்காரர் அவளைப் பார்த்து "இவதான்" என்று ஒரு சொல் சொன்னால் போதும், கடை வாசலிலேயே ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் படலை திறந்துவிட ஆளிருக்காது. கொலை, வழக்கு, மறியற்சாலை எல்லாம் அவளுக்குப் புகைமூட்டமாகத்தான் தெரிந்தன. பூட்டிய படலைக்கு முன்னால் புத்தகப் பையோடு நிற்கும் இரண்டு பிள்ளைகள் மட்டும் கண்ணுக்குள் நின்றார்கள். சேலைத் தலைப்பை முறுக்குவதும் விரிப்பதுமாக இருந்தாள்.

"பயப்பிடாதேங்கோ அக்கா. சேர் கையிலை எடுத்த வழக்கு ஒண்டும் தோத்ததில்லை" என்றான் காரை ஓட்டிய கிறகோரி. "இதோடை சேர்த்து மொத்தம் ரண்டு."

அவனுக்குப் பக்கத்தில் இருந்த துப்பறியும் நிபுணர் சீவரத்தினம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடதாசிச் சுருளில் இருந்த கச்சான் கடலையை ஒவ்வொன்றாக உடைத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார். கொழும்புப் பொலீசில் துப்பறியும் பகுதியில் இருந்துவிட்டு, மேலதிகாரியோடு கொழுவிக்கொண்டு ஊருக்கு வந்தவர். யோசிக்கிற நேரம் கச்சான் தின்பார். தின்னாத நேரம் நித்திரையில் இருப்பார் என்பது கிறகோரியின் கணக்கு.

பின் இருக்கையில் குணலட்சுமிக்கு இடப்பக்கத்தில் பத்மாவதி இருந்தாள். குணலட்சுமியின் கணவனுக்கு மூத்த சகோதரி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலி, அந்த வேலியில் ஆள் குனிந்து போய்வர ஒரு பொட்டு. உப்பு முடிந்தாலும் ஓலை முடிந்தாலும் அந்தப் பொட்டால்தான் போக்குவரத்து. குணலட்சுமியை இப்படியான இடத்துக்குத் தனியே விட மனமில்லாமல் வந்திருக்கிறாள் என்று குணலட்சுமி நினைத்தாள். கோயிலோ ஆசுப்பத்திரியோ அரசாங்கக் கச்சேரியோ, மச்சாள் இல்லாமல் அவள் எங்கே போனாள்?

"பெரியக்கா, உங்கடை மகள் அருந்ததியின்ரை கலியாணம் எப்ப? சாப்பாடு போடுவியளெல்லே?" என்றான் கிறகோரி.

பத்மாவதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். குணலட்சுமிதான் மறுமொழி சொன்னாள். "அது குழம்பிப்போச்சு தம்பி. ஆரோ மாப்பிளை வீட்டுக்கு மொட்டைக் கடிதம் போட்டிட்டினம். இது மூண்டாந்தரம்."

கிறகோரி நாக்கைக் கடித்துக்கொண்டான்.  அந்த அமைதி குணலட்சுமிக்கு இன்னும் அந்தரமாக இருந்தது. எதையாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. முன்கண்ணாடிக்குக் கீழே ஒட்டி வைத்திருந்த சின்னப் பித்தளைச் சாமியில் கண் போனது.

"உந்த ஆடுற சுவாமிக்கு வைச்ச பூ வாடிப்போச்சு. வேறை பூ வையுங்கோவன்."

"நான் வேதக்காரன் அக்கா. சுவாமியும் பூவும் சேரின்ரை பொறுப்பு. பெற்றோல் மட்டும்தான் என்ரை பொறுப்பு. அதுகும் முடியப்போகுது."

சீவரத்தினம் கச்சான் உடைப்பதை நிறுத்திவிட்டு, பின்னால் திரும்பிக் குணலட்சுமியை ஒரு முறை பார்த்தார். பிறகு திரும்பவும் உடைக்கத் தொடங்கினார்.

அலியாரின் கடை பெரியகடைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் இருந்தது. கார் நின்றதும் பத்மாவதி, "நான் இதுக்குள்ளையே இருக்கிறன்" என்றாள்.

"மாசி வெயில் அம்மா, கார் தோசைக்கல்லாகிடும்" என்று சீவரத்தினம் கதவைத் திறந்து பிடித்தார். "அதோடை உள்ளை எல்லாரும் ஆம்பிளையள். இவவுக்கு ஒரு துணை வேண்டாமே?"

அதற்கு மேல் எந்த மச்சாள் மறுப்பாள்? பத்மாவதி இறங்கினாள்.

துவக்குக் கடை என்றால் வாசலிலேயே குழல்கள் நீட்டிக்கொண்டிருக்கும் என்று குணலட்சுமி நினைத்திருந்தாள். முன்பக்கத்தில் தூண்டிலும் நைலோன் நூலும் பெற்றோமக்ஸ் மாண்டிலும் டோர்ச் பற்றரியும்தான் இருந்தன. அவள் மூச்சு விட்டாள். பிறகுதான் உள்ளே, இரும்புக் கம்பிக் கதவுக்குப் பின்னால், விசைப் பக்கமாகச் சங்கிலி கோத்த துவக்குகள் கொட்டிலில் கட்டிய ஆடுகள்போல வரிசையாக நிற்பதைக் கண்டாள். எண்ணெய் மணமும் இரும்பு மணமும் சேர்ந்து அடித்தன. கண்ணாடிப் பெட்டிக்குள் தோட்டாக்கள் இருந்தன. சிவப்புக் கடதாசிக் குழல், பித்தளை அடி. பிள்ளைகள் விளையாட எடுத்தாலும் எடுக்கும், அவ்வளவு வடிவு. இந்த வடிவான சாமான்தான் வல்லிபுரத்தாரைக் கொன்றதா? 

சார்ஜன்ட் தியாகராசா சீருடை இல்லாமல் வந்து, மூலையில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார். ஒழுங்கை முனையில் ஜீப் நின்றதை அவள் ஏற்கனவே கண்டுவிட்டாள்.

"முதலாளி, வடிவாப் பாருங்கோ. இவதானே?" என்றார் சார்ஜன்ட்.

அலியார் நரைத்த தாடியைத் தடவியபடி அவளைப் பார்த்தார். 

"உயரம் சரி. ஆனால் அண்டைக்கு வந்தவ முக்காடு போட்டுக் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தவ. கண் ஒப்பிறேசன் செய்தது எண்டு சொன்னவ. முகத்தை நான் காணேல்லை. ஓம் எண்டும் சொல்லேலாது, இல்லை எண்டும் சொல்லேலாது."

"முதலாளி கடையை மூடிப்போட்டு எலெக்சன் கேட்கலாம்" என்றான் கிறகோரி.

சார்ஜன்ட் எழும்பி வந்தார். மேசையில் கிடந்த ஒற்றைக் குழல் துவக்கை எடுத்து அவளுக்கு நேரே நீட்டினார். "பிடியும் பாப்பம்."

அவள் இரண்டு கையாலும் குழலைப் பிடித்தாள், உலக்கை பிடிக்கிற மாதிரி. அது நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

"அக்கா, அது மா இடிக்கிறதுக்கில்லை" என்றான் கிறகோரி. அலியார் மெல்ல அதை அவளுடைய கையிலிருந்து வாங்கி வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்.

"அவவுக்குத் துவக்குப் பிடிக்கத் தெரியாது சார்ஜன்ட்" என்றார் சீவரத்தினம்.

"நடிக்கத் தெரியாத ஆள் இந்தப் பக்கத்திலை ஆர் சேர்?" என்றார் சார்ஜன்ட். "துவக்கு இவவின்ரை வீட்டிலை. லைசன்ஸ் இவவின்ரை வீட்டிலை. சண்டையும் இவவோடை. வேறை ஆர் வரப்போகினம்?"

சீவரத்தினம் அவரோடு வாதாடவில்லை. கடைக்காரர் பக்கம் திரும்பினார். "என்னத்துக்குத் தோட்டா எண்டு சொன்னவ?"

"வௌவால் கொய்யாப்பழம் ஒண்டும் விடுகுதில்லை எண்டவ. நான் சின்னச் சன்னம் போட்ட தோட்டா எடுத்து வைச்சன். அது வேண்டாம், பெரிசு தாங்கோ எண்டவ. காட்டுப் பண்டி சுடுறது." அலியார் தலையைக் குனிந்துகொண்டார். "வீட்டுக்காரர் வெளிநாட்டிலை, பொம்பிளை தனிய எண்டு இரங்கிக் குடுத்தன். குடுத்திருக்கக் கூடாது. அண்டையிலை இருந்து எனக்கும் நித்திரை இல்லை."

"பண்டிக் குண்டு கேட்கிற வௌவாலெண்டால் அதுக்குக் கொம்பிருந்திருக்கும்" என்றான் கிறகோரி.

"கொம்பில்லை, வேட்டி கட்டியிருந்தது" என்றார் சீவரத்தினம். "முதலாளி, முகத்தைக் காணேல்லை, சரி. குரல்?"

"குரல் நினைவிருக்கு. கேட்டால் சொல்லுவன்."

"அப்ப அண்டைக்கு நடந்ததை அப்பிடியே ஒருக்கால் நடத்துவம். நீங்கள் கேட்டதைக் கேளுங்கோ. இவ மறுமொழி சொல்லட்டும். வேறை ஒருத்தரும் கதைக்க வேண்டாம். கிறகோரி, உமக்குத்தான் சொல்லுறன்."

குணலட்சுமிக்கு இது பிடிக்கவில்லை. தன்னைக் காப்பாற்ற வந்த மனிசன் தன் கழுத்தைத் தானே நீட்டச் சொல்கிறாரே என்று கோபம் வந்தது. மச்சாளைத் திரும்பிப் பார்த்தாள். பத்மாவதி அவளுக்கு இடப்பக்கத்தில் வழக்கம்போல ஒட்டி நின்றாள், ஆனால் வாய் திறக்கவில்லை. கடைக்குள் வந்ததிலிருந்து ஒரு சொல் இல்லை. சும்மாவே ஊர்க்கதை எல்லாம் அளக்கிற மனிசி. தனக்காக நெஞ்சுடைந்து நிற்கிறாள் என்று நினைத்தபோது குணலட்சுமிக்கு அழுகை வந்தது.

அலியார் மேசைக்குப் பின்னால் போய் நின்றார். "வாங்கோ. என்ன வேணும்?"

"தோட்டா" என்றாள் அவள். குரல் பாதியில் இறங்கிவிட்டது.

"லைசன்ஸ் கொண்டந்தனீங்களே?"

"ஓம்."

"ஆற்றை பேரிலை?"

"எங்கடை வீட்டுக்காரற்றை பேரிலை."

"வீட்டுக்காரர் எண்டால் எனக்கு என்னெண்டு விளங்கும் தங்கச்சி? பேரைச் சொல்லுங்கோ. அண்டைக்கு வந்தவ சொன்னவ."

குணலட்சுமி வாயைத் திறந்தாள். மூடினாள்.

கலியாணமான நாள் முதல் அந்தப் பெயர் அவளுடைய வாயிலிருந்து வெளியே வந்ததில்லை. அவளுடைய தாய் சொன்னதில்லை, தாயின் தாயும் சொன்னதில்லை. புருஷன் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்று கேட்டு வளர்ந்தவள். 'இவர்', 'அவர்', 'பிள்ளையளின்ரை தேப்பன்', இவற்றால் ஒரு குடும்பத்தை ஓட்ட முடியாதா என்ன? கோயிலில் அருச்சனைக்குப் பெயர் கேட்டால் பக்கத்தில் நின்று மச்சாள் சொல்லுவாள். ஆசுப்பத்திரியில், பள்ளிக்கூடத்தில், கச்சேரியில், எங்கேயும் அவள் இடப்பக்கம் திரும்புவாள், மச்சாள் எடுத்துக் கொடுப்பாள். இப்போது அந்த மனிசன் பாலைவனத்து வெயிலில், எந்தக் கட்டடத்துச் சாரத்தின் உச்சியில் ஏறி நிற்கிறாரோ. இங்கே நின்று அவள் அந்தப் பெயரைச் சொல்லி, அங்கே அவருடைய கால் வழுக்கினால்?

சொல்லாவிட்டால் ஜீப். சொன்னால் அவருக்கு என்ன ஆகுமோ. படலைக்கு முன்னால் பிள்ளைகள் நிற்கிறார்கள்.

"அவற்றை பேர் வந்து..." என்றாள். உதடு ஆடியது. சத்தம் வரவில்லை.

"விளங்குது" என்றார் சார்ஜன்ட். "குரல் தெரிஞ்சிடும் எண்டு பயம். சேர், இதுக்கு மேலை என்ன வேணும் உங்களுக்கு?"

கிறகோரி எதையோ சொல்ல வாயெடுத்தான். சீவரத்தினம் அவனுடைய உள்ளங்கையில் ஒரு பிடி கச்சானைக் கொட்டினார். அவன் வாயை மூடினான். சார்ஜன்ட் பிளேன்ரீக் கிளாசை வைத்துவிட்டு வாசல் பக்கம் நடந்து, ஜீப்பைக் கூப்பிடக் கையை உயர்த்தினார். குணலட்சுமி தன்னை அறியாமல் இடப்பக்கம் திரும்பினாள்.

"எங்கடை நடராசாவின்ரை" என்றாள் பத்மாவதி. "நடராசாவின்ரை பேரிலை. அவள் சொல்லமாட்டாள், நீங்கள் எழுதுங்கோ."

அலியார் தலையை நிமிர்த்தினார்.

 பிறகு அவர், "அண்டைக்கும் இதே சொல்லுத்தான்" என்றார், மெதுவாக, அந்த அம்மாவை நோகடிக்க விரும்பாதவர்போல. "'எங்கடை நடராசாவின்ரை' எண்டுதான் சொன்னவ. குரலும் இதுதான். அல்லா அறிய இதுதான்."

சார்ஜன்டின் கை உயர்ந்தபடியே நின்றது.

"பத்மாவதி அம்மாவைக் காட்டித்தர நான் கூட்டி வரேல்லை" என்றார் சீவரத்தினம். அவருடைய குரலில் வெற்றி ஒன்றும் இல்லை. "தானாகச் சொல்லுறாவோ பாப்பம் எண்டு கூட்டி வந்தனான். சார்ஜன்ட், வந்த மனிசி புருசன்ரை பேரைச் சொன்னவ எண்டு முந்தநாள் முதலாளி சொல்லேக்கையே எனக்கு உறுத்தினது. எந்த மனிசி கடையிலை நிண்டு அப்பிடிச் சொல்லும்? காலமை காரிலை குணலட்சுமி நடராசர் எண்டு சாமிப் பேரைக்கூடச் சொல்லேல்லை. 'ஆடுற சுவாமி' எண்டவ. சாமியின்ரை பேரையே விட்டுக் குடுத்தவ, துவக்குக் கடையிலை புருசன்ரை பேரைச் சொல்லுவாவோ? உங்கடை வீட்டிலை என்ன மாதிரி?"

சார்ஜன்ட் கையை இறக்கினார். "என்ரை மனிசி என்னை 'இஞ்சேருங்கோ' எண்டுதான் கூப்பிடுறவ" என்றார். கொஞ்சம் வெட்கப்பட்டமாதிரித்தான் இருந்தது.

"தங்கச்சிமார் எண்டால் 'அண்ணை' எண்டு சொல்லியிருப்பினம். அந்தப் பேரைக் கூசாமல் சொல்ல, அவரை இடுப்பிலை தூக்கி வளர்த்த ஒரு அக்காவாலைதான் ஏலும். வேலியிலை பொட்டிருக்கு. அலுமாரித் திறப்பு எந்த ஆணியிலை தொங்குது எண்டு தெரியும். எனக்குத் தெரியாதது ஏன் எண்டதுதான். காலமை கிறகோரி கலியாணத்தைப் பற்றிக் கேட்டுத்தான் அதுகும் விளங்கினது."

"நான் சாப்பாட்டைப் பற்றித்தான் கேட்டனான்" என்றான் கிறகோரி. ஒருவரும் சிரிக்கவில்லை, அவனும்கூட.

பத்மாவதி மறுக்கவில்லை. மாண்டில் பெட்டிகளுக்குப் பக்கத்தில் கிடந்த மர வாங்கில் போய் இருந்தாள். இடுப்பு நாரியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் இருந்தாள், வீட்டில் இருக்கிற மாதிரியே.

"மூண்டு சம்பந்தம்" என்றாள். "மூண்டையும் அவன்தான் எழுதிக் குழப்பினவன். மூண்டாந்தரம் அந்த மாப்பிளை வீட்டார் கடிதத்தை என்ரை கையிலையே தந்தவை. வல்லிபுரத்தான்ரை எழுத்து எனக்குத் தெரியாதோ? பிள்ளை அறையைவிட்டு வெளியிலை வாறேல்லை. சாப்பிடுறேல்லை. போய்க் கேட்டன். 'ஓம், என்ன செய்வாய்' எண்டு சிரிச்சவன்." அவள் குணலட்சுமியை நிமிர்ந்து பார்த்தாள். "துவக்கை எடுத்த இடத்திலை திருப்பி வைச்சன், அவ்வளவுதான். உன்னைப் பிடிப்பாங்கள் எண்டு நான் நினைக்கேல்லை குணம். பிடிச்ச பிறகு வாய் திறக்கப் பயமாய்ப் போச்சு."

குணலட்சுமிக்கு அவளை அடிக்கவேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடிக்கவேண்டும் போலவும் இருந்தது. என் பிள்ளைகள் தெருவில் நின்றிருக்குமே என்று கேட்க நினைத்தாள். கேட்டது வேறு.

"பின்னை இப்ப ஏன் மச்சாள் வாய் திறந்தனீங்கள்? பேசாமல் நிண்டிருக்கலாமே."

பத்மாவதி யோசித்தாள். அவளுக்கே அது தெரியவில்லை போலிருந்தது.

"நீ இஞ்சாலை திரும்பினாய்" என்றாள். "வாய் தானாய் வந்திட்டுது."

ஜீப் ஒழுங்கை முனையிலிருந்து பின்னோக்கி வந்து வாசலில் நின்றது. ஏறுமுன் பத்மாவதி திரும்பி, "அருந்ததிக்கு ஒண்டும் சொல்லாதை, நானே சொல்லுறன்" என்றாள். பிறகு, "அவளைச் சாப்பிடப் பண்ணு" என்றாள். குணலட்சுமி தலையை ஆட்டினாள். கோபம் இன்னும் நெஞ்சுக்குள்தான் இருந்தது, ஆனால் தலை ஆடிவிட்டது.

சார்ஜன்ட் பின்தங்கி நின்றார். சட்டைப் பையிலிருந்து பேனையையும் மடித்த தாளையும் எடுத்து, தோட்டாக் கண்ணாடிப் பெட்டிக்கு மேலே விரித்தார். "நீங்கள் வீட்டை போகலாம் அம்மா. ஒரு சின்ன வாக்குமூலம் மட்டும். உங்கடை பேர் குணலட்சுமி. கணவற்றை பேர்? எனக்குத் தெரியும், ஆனால் சொல்லுற ஆள்தான் சொல்லவேணும். ஒழுங்கு அப்பிடி."

அவள் இடப்பக்கம் திரும்பினாள்.

வாங்கு வெறுமையாக இருந்தது. மாண்டில் பெட்டிகள் இருந்தன. அதுவரை அடக்கி வைத்திருந்தது எல்லாம் அப்போதுதான் உடைந்தது. குற்றவாளி என்றபோது அழாதவள், விடுதலை என்றபோது அழாதவள், அந்த வெறும் வாங்கைப் பார்த்து நின்றபடியே அழுதாள். கிறகோரி உதவிக்கு வாயெடுத்தான். சீவரத்தினம் அவனுடைய காலை மிதித்தார்.

குணலட்சுமி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். ஒன்றும் சொல்லாமல் கடைக்கு வெளியே போனாள். கார்க் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவளுடைய கையில், முன்கண்ணாடிக்குக் கீழே இருந்து பெயர்த்தெடுத்த அந்தச் சின்னப் பித்தளைச் சாமி இருந்தது. வாடிய பூவை எடுத்துப் போட்டுவிட்டு, அதைக் கண்ணாடிப் பெட்டிக்கு மேலே, சார்ஜன்டின் தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

சார்ஜன்ட் தியாகராசா தூக்கிய திருவடியைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார்.

"கெதியா எழுதுங்கோ ஐயா" என்றாள் குணலட்சுமி. "பள்ளிக்கூடம் விடப்போகுது. இண்டைக்கு மூண்டு பிள்ளையளுக்குச் சமைக்கவேணும்."